சட்டாம்பிள்ளை இல்லாத வகுப்பு

மந்தைவெளி என்ற பெயரைப் பிரித்தால் மந்தை, வெளி என்று இரண்டு சங்கதிகள் கிடைக்கும். இன்றைக்கு நேரில் போய்த் தேடினால் இரண்டுமே கிடைக்காது. மாடு மேய்ந்த இடத்தில் அபார்ட்மென்ட். பையன்கள் கிரிக்கெட் ஆடிய சந்தில் கார்கள். பிள்ளைகளுக்கு மிஞ்சியிருக்கிற விளையாட்டு மைதானம் ஆறங்குலக் கண்ணாடிப் பலகை ஒன்றுதான். சாயங்காலம் எங்கள் மாடிப்படியில் ஏறினால் படிக்கு ஒரு பிள்ளை உட்கார்ந்திருக்கும். எல்லா முகத்திலும் நீல வெளிச்சம். ஒருவரும் நிமிர்வதில்லை. செருப்பைப் பார்த்தே யார் போகிறார்கள் என்று தெரிந்துகொள்கிறார்கள் போலிருக்கிறது.

கொஞ்ச நாள் முன்னால் கீழ்வீட்டு அம்மாள் வந்து கதவைத் தட்டினார். கையில் போன். முகம் சரியில்லை.

"சார், இதை எப்படி லாக் பண்றதுன்னு உங்களுக்குத் தெரியுமா?"

தெரியும் என்றேன். பத்திரிகையில் எழுதுகிறவனுக்கு எல்லாம் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருப்பவர்களை ஏமாற்ற மனசு வருவதில்லை.

நடந்தது இதுதான். அவருக்கு மூன்றாம் வகுப்புப் படிக்கிற பெண். போனில் வீடு கட்டி, தோட்டம் போட்டு விளையாடுகிற ஏதோ ஒரு கேம். ஆடிக்கொண்டே மற்றவர்களோடு பேசுகிற வசதியும் அதில் உண்டு. பூனைக்குட்டி படம் போட்ட ஒரு ஆசாமி, 'நானும் தேர்ட் ஸ்டாண்டர்டுதான்' என்று சொல்லிக்கொண்டு வந்திருக்கிறார். முதல் நாள், விளையாட்டில் செலவழிக்கிற பொய்க்காசு கொஞ்சம் இனாம். மறுநாள், எந்த ஸ்கூல்? அதற்கடுத்த நாள், வீட்டில் யார் யார், எப்போது இருப்பார்கள்? நாலாம் நாள், ஒரு போட்டோ அனுப்பு, அம்மாவிடம் சொல்லாதே.

பெண் அனுப்பவில்லை, நல்லவேளை. ஆனால் வீட்டில் சொல்லவும் இல்லை. சோற்றைப் பிசைந்து வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்ததைப் பார்த்துத் துருவித் துருவிக் கேட்ட பிறகுதான் விஷயம் வெளியே வந்தது.

ஏண்டி சொல்லலை என்று அம்மா கேட்டாராம். பதில்: "சொன்னா போனைப் பிடுங்கிடுவே."

அம்மா அன்றைக்கே பிடுங்கியும்விட்டார். குழந்தையின் கணிப்பு நூற்றுக்கு நூறு.

அந்த கேமின் பேசுகிற வசதியை அணைத்து, பூனைக்குட்டி பேசியதையெல்லாம் அழிக்காமல் படமெடுத்து வைக்கச் சொல்லி, 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணையும் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணையும் எழுதிக் கொடுத்து அனுப்பினேன். அவர் போன பிறகு எனக்கு ஒரு எட்டு வயதுப் பையனின் ஞாபகம் வந்தது. பெயர் ஜான் ஃப்ரிஸ்கன். ஊர் மெட்ராஸ்தான். காலம் மட்டும் 1790 வாக்கில்.

*

எழும்பூரில் அப்போது கிழக்கிந்தியக் கம்பெனி காலத்து ஆண்பிள்ளை அநாதை விடுதி ஒன்று இருந்தது. வெள்ளைக்காரச் சிப்பாய்களுக்கும், பெரும்பாலும் இந்தியத் தாய்மார்களுக்கும் பிறந்து, அப்பன் செத்தோ கைவிட்டோ போன பையன்கள். 1789-ல் இதன் பொறுப்பை ஏற்றுக்கொண்டவர் ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார். 1787-ல் இந்த ஊருக்கு வந்து சேர்ந்தவர். சம்பளத்தில் கெட்டி, ஒரே சமயத்தில் பல பட்டாளங்களுக்குப் பாதிரியாராக இருந்து நன்றாகவே சேர்த்தார். ஆனால் இந்த விடுதி வேலைக்கு மட்டும் சம்பளம் வாங்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

விடுதியில் வாத்தியார்கள் இருந்தார்கள். பாடம்தான் ஏறவில்லை. வாத்தியார் கத்துவார், பையன்கள் பார்த்துக்கொண்டிருப்பார்கள். எழுத்துக் கூட்டவே மாதக்கணக்கில் ஆயிற்று.

ஒருநாள் காலையில் குதிரைச் சவாரி போன பெல், வழியில் நம் ஊர்ப் பள்ளிக்கூடம் ஒன்றைப் பார்த்தார். அந்நாளைய ஆங்கிலேயர் பாஷையில் அது 'மலபார்' பள்ளிக்கூடம். தமிழர்களை அவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். மெட்ராஸில் உட்கார்ந்துகொண்டு ஏன் மலபார் என்று கேட்டால் அது தனிக் கட்டுரை. பிள்ளைகள் தரையில் வரிசையாக உட்கார்ந்து, மணலைப் பரப்பி, விரலால் எழுத்து எழுதிக்கொண்டிருந்தார்கள். காகிதம் இல்லை, பேனா இல்லை. தப்பாகிப் போனால் உள்ளங்கையால் ஒரு தடவு. மணல் மறுபடியும் புதுசு.

யோசித்துப் பாருங்கள், விரலால் தொட்டு எழுதும் திரை. தமிழ்ப் பிள்ளைகளுக்கு டச் ஸ்கிரீன் புதுசே இல்லை.

பெல் குதிரையைத் திருப்பிக்கொண்டு வந்து, கடைசி வகுப்புச் சின்னப் பையன்களுக்கு இனிமேல் மணலில் எழுதச் சொல்லிக்கொடுங்கள் என்று உத்தரவு போட்டார். வகுப்பை நடத்திய உதவி வாத்தியாருக்கு இஷ்டமில்லை. கொஞ்ச நாள் கழித்து, இது நடக்காத காரியம் என்று சொல்லிவிட்டார். பெல் அவரோடு மல்லுக்கட்டவில்லை. மேல் வகுப்பிலிருந்து ஜான் ஃப்ரிஸ்கனைக் கூப்பிட்டு, நீ போய்ச் சொல்லிக்கொடு என்று அனுப்பினார். எட்டு வயது. ஒரு சிப்பாயின் பிள்ளை.

ஃப்ரிஸ்கன் சின்னப் பையன்களோடு தரையில் உட்கார்ந்தான். பையன்கள் எழுதினார்கள்.

மணல் அதே மணல்தான். பையன்களும் அதே பையன்கள். பக்கத்தில் உட்கார்ந்த ஆள் மட்டும் மாறியிருந்தான். பெல் கண்டுபிடித்தது இதைத்தான். மணலைக் கண்டுபிடித்ததாக அவர் தப்பாக நினைத்துக்கொள்ளவில்லை. பெரியவன் சின்னவனுக்குச் சொல்லித் தரும் ஏற்பாட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பள்ளி முழுக்கக் கொண்டுவந்தார். 1796-ல் கப்பலேறி, மறுவருஷம் லண்டனில் இதைப் பற்றிச் சின்னப் புத்தகமாகப் போட்டார். 'மெட்ராஸ் முறை' என்று பெயராகி இங்கிலாந்தில் பள்ளிகள் முளைத்தன. பெல் 1832-ல் இறந்தபோது வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் புதைத்தார்கள். அவர் விட்டுப்போன பணத்தில் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊரில் 1833-ல் ஆரம்பித்த பள்ளிக்கு இன்றைக்கும் மெட்ராஸ் காலேஜ் என்றுதான் பெயர். நம் ஊர் சென்னையாகிவிட்டது, அவர்கள் விடவில்லை.

எட்டு வயதுப் பையனை வைத்துப் பாடம் நடத்துவது நமக்கொன்றும் அதிசயமில்லை. திண்ணைப் பள்ளிக்கூடத்தில் அவனுக்குச் சட்டாம்பிள்ளை என்று பெயர். வாத்தியார் ஒருத்தர், பிள்ளைகள் பல வயசு. மேலே படிக்கிறவன் கீழே இருக்கிறவனுக்கு விரலைப் பிடித்து 'அ' போட வைப்பான். அதே சமயம் திண்ணைப் பள்ளிக்கூடத்தை நினைத்து உருகவும் வேண்டாம். எல்லாப் பிள்ளைக்கும் அங்கே இடம் கிடைக்கவில்லை; ஜாதி பார்த்தார்கள். கயிற்றில் தொங்கவிடும் 'கோதண்டம்' மாதிரி தண்டனைகள் இருந்தன. சட்டாம்பிள்ளையே பல இடங்களில் பிரம்பு ஏந்திய குட்டி போலீஸ்காரன். வாத்தியாரிடம் போட்டுக்கொடுப்பான், ஆள் பார்த்து விட்டும்கொடுப்பான்.

ஆக, சட்டாம்பிள்ளையில் இரண்டு வகை. பக்கத்தில் உட்காருகிறவன் ஒருத்தன், பிரம்போடு நிற்கிறவன் இன்னொருத்தன். இங்கிலாந்திலேயே மெட்ராஸ் முறை பெரிசாக ஆக ஆக, ஒரு ஹாலில் நூற்றுக்கணக்கில் பிள்ளைகளை அடைத்து மணியடித்து ஒப்பிக்க வைக்கிற தொழிற்சாலையாகிவிட்டது. செலவு கம்மி என்பதால் எல்லோருக்கும் பிடித்திருந்தது. ஃப்ரிஸ்கன் மாதிரி தரையில் உட்காருகிறவன் காணாமல் போனான்.

*

எழும்பூரிலிருந்து மந்தைவெளிக்குத் திரும்புவோம். நடுவில் இருநூறு வருஷம்.

மெட்ராஸில் டி.வி. வந்தது 1975 ஆகஸ்ட் 15. தெருவுக்கு ஒரு வீட்டில் பெட்டி இருந்தால் ஜாஸ்தி. வெள்ளிக்கிழமை 'ஒளியும் ஒலியும்' என்றால் அந்த வீட்டு ஹாலில் இருபது பேர், ஜன்னலில் பத்துப் பேர். ஒரு மாதிரியான பாட்டு வந்தால் எங்கிருந்தோ ஒரு மாமா செருமுவார். அந்தச் செருமல்தான் அன்றைய சென்சார் போர்டு. யாரும் திட்டம் போட்டுச் செய்ததில்லை. பெட்டி விலை ஜாஸ்தி, அதனால் கூட்டம். கூட்டம் இருந்ததால் குழந்தை தனியாக எதையும் பார்க்க முடியாது.

1995-ல், அதே ஆகஸ்ட் 15-ல், வி.எஸ்.என்.எல். இன்டர்நெட் வந்தது. கம்ப்யூட்டர் ஹாலில் இருக்கும், ஏனென்றால் டெலிபோன் ஹாலில் இருக்கும். லைன் கிடைக்கும்போது மோடம் 'கீ...ங்... க்ர்ர்ர்' என்று அலறுகிற அலறலில் பூஜை அறையில் இருக்கிற பாட்டிக்குக்கூடப் பையன் இன்டர்நெட்டுக்குள் போகிறான் என்று தெரிந்துவிடும். பிறகு பிரவுசிங் சென்டர்கள் வந்தன. ப்ளைவுட் தடுப்பு, சில இடங்களில் திரைச்சீலை. முதல் தடவையாகச் சட்டாம்பிள்ளைக்கும் திரைக்கும் நடுவில் ஒரு தட்டி விழுந்தது. ஆனாலும் வீட்டைவிட்டுக் கிளம்பி, கடைக்காரரிடம் காசு கொடுத்து, மணிக்கணக்குப் பார்த்துத்தான் உட்கார வேண்டும். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு அது எட்டாத சமாசாரம்.

அதே சமயத்தில் டெல்லியில் ஒருத்தர் பெல் மாதிரியே ஒரு காரியம் பண்ணினார். சுகதா மித்ரா. என்.ஐ.ஐ.டி. கம்பெனியில் வேலை. 1999-ல் கல்காஜியில் ஆபீஸ் காம்பவுண்டுச் சுவரில் ஓட்டை போட்டு, பக்கத்துக் குடிசைப் பகுதியைப் பார்த்தாற்போல ஒரு கம்ப்யூட்டரை வைத்தார். சொல்லித்தர யாரையும் வைக்கவில்லை. கம்ப்யூட்டரையே பார்த்திராத பிள்ளைகள் சில மணி நேரத்தில் மவுஸைப் பிடித்து உள்ளே புகுந்துவிட்டார்கள். ஒருத்தன் தட்டுவான், நாலு பேர் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து 'அதை அழுத்து, இதை அழுத்து' என்பார்கள். உலகம் முழுக்கப் பேச்சாயிற்று. பெரியவர்களே வேண்டாம், கருவியைக் கொடுத்தால் போதும் என்று பலர் புரிந்துகொண்டார்கள். போய்ப் பார்த்த ஆராய்ச்சியாளர்களில் சிலர் முகம் சுளித்தார்கள். படம் வரைவதும் கேம் ஆடுவதும்தான் ஜாஸ்தி, ஹிந்தியில் உருப்படியாக ஒன்றும் கிடையாது என்றார்கள். இமாலயப் பக்கத்தில் இதே மாதிரி வைத்த இடங்கள் பாழடைந்து கிடந்ததாக 2010-ல் ஒரு கட்டுரை வந்தது.

மித்ராவுக்கே அடுத்த பாடம் கிடைத்தது தமிழ்ப் பிள்ளைகளிடம்தான். புதுச்சேரி யூனியன் பிரதேசத்தைச் சேர்ந்த காளிக்குப்பம் என்ற கிராமம். பத்திலிருந்து பதினாலு வயதுப் பிள்ளைகள். டி.என்.ஏ. எப்படித் தன்னைத்தானே படியெடுத்துக்கொள்கிறது என்ற கல்லூரிப் பாடத்தை, அதுவும் இங்கிலீஷில், கம்ப்யூட்டரில் போட்டு வைத்துவிட்டுப் போய்விட்டார். நிச்சயம் தோற்பார்கள் என்று நினைத்துத்தான் வைத்தார். இரண்டு மாசம் கழித்துப் பரீட்சை வைத்தால் சுமார் 30 மார்க் வாங்கினார்கள். சொல்லித்தர ஆளே இல்லாமல்! மித்ரா அதோடு நிறுத்தவில்லை. இன்னும் கொஞ்சம் ஏற்ற முடியுமா என்று பார்த்தார். உயிரியல் தெரிந்த வாத்தியார் கிடைக்கவில்லை. பிள்ளைகளுக்குப் பழக்கமான இளம்பெண் ஒருத்தி இருந்தாள், கணக்கு வழக்குப் பார்க்கிற வேலை. டி.என்.ஏ. பற்றி அவளுக்கு ஒன்றும் தெரியாது. தெரிய வேண்டாம், பின்னால் நின்றுகொண்டு 'அட, இது என்ன? எப்படிக் கண்டுபிடிச்சே? அப்புறம்?' என்று கேள், பாட்டிமார் பேரன் பேத்தியிடம் கேட்கிற மாதிரி, என்றார்.

அவள் கேட்டாள். மறுபடி பரீட்சை வைத்தபோது, டெல்லியில் தனியார் பள்ளியில் பயிற்சி பெற்ற டீச்சரிடம் இதே பாடத்தைப் படித்த பிள்ளைகள் அளவுக்கு மார்க் வந்துவிட்டது. 2010-ல் இது ஆராய்ச்சிக் கட்டுரையாக வெளிவந்தது. சின்ன ஊர், கொஞ்சம் பிள்ளைகள். இதை வைத்துக்கொண்டு உலகத்துக்கே சட்டம் எழுத முடியாது. ஆனால் எனக்கு ஃப்ரிஸ்கன் தெரிகிறான்.

இதற்கு நேர் எதிர்ப்பக்கம் பெரு நாட்டில் நடந்தது. குழந்தைக்கு ஒரு லேப்டாப் என்ற திட்டத்தில் எட்டு லட்சத்துக்கும் மேலே வாங்கிக் கொடுத்தார்கள். 300-க்கும் அதிகமான கிராமத்துத் தொடக்கப்பள்ளிகளில் ஆராய்ந்து 2012-ல் முடிவைச் சொன்னார்கள். கணக்கிலும் மொழிப்பாடத்திலும் ஒரு மாற்றமும் இல்லை. பெட்டி போய்ச் சேர்ந்தது, பக்கத்தில் உட்கார ஆள் போகவில்லை.

*

அப்புறம் 2020 மார்ச். பள்ளிக்கூடத்தைப் பூட்டினார்கள். தமிழ்நாட்டில் ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை மறுபடி திறந்தது 2021 நவம்பர் 1-ம் தேதி. கிட்டத்தட்ட இருபது மாசம். அதுவரை, குழந்தை கையில் போனா, ஐயையோ என்று சொல்லிக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் காலையில் எழுந்ததும் குழந்தையை உட்கார்த்தி வைத்து, கையில் போனைக் கொடுத்து, இதில்தான் ஸ்கூல் என்றார்கள். வேறு வழியில்லை. 2019-ல் ஆரம்பித்த கல்வித் தொலைக்காட்சி அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கொஞ்சம் கைகொடுத்தது. ஒரே போனை வைத்துக்கொண்டு அப்பா வேலைக்குப் போன வீடுகளில் அதுவும் சிரமம்.

இங்கேதான் ஒரு விஷயம் சத்தமில்லாமல் நடந்தது. மணலில் எழுதியதை வாத்தியார் பார்த்தார். டி.வி.யை ஊரே பார்த்தது. மோடம் கத்திக் காட்டிக்கொடுத்தது. போனுக்கு மட்டும் முதுகுப்பக்கம்தான் மற்றவர்களுக்குத் தெரியும். காதில் இயர்போன் வேறு. எழுதப் படிக்கக் கற்கிற வயதில், யார் கண்ணும் படாத ஒரு கருவியைப் பள்ளிக்கூடம் என்ற பெயரிலேயே கொடுத்தது நம் வரலாற்றில் இதுதான் முதல் தடவை. பள்ளி திறந்தது. போன் திரும்பி வரவில்லை.

கற்றல் இழப்பை ஈடுகட்டத் தமிழக அரசு செய்தது ஆப் இல்லை என்பது எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம். 2021 அக்டோபரில் 'இல்லம் தேடிக் கல்வி' என்று ஆரம்பித்தார்கள். தெருவிலேயே இருக்கிற தன்னார்வலர், பெரும்பாலும் இளம்பெண்கள், சாயங்காலம் ஒன்றரை மணி நேரம் இருபது பிள்ளைகளை உட்கார்த்தி வைத்துப் பாடம், பாட்டு, விளையாட்டு. கோயில் மண்டபம், மரத்தடி, சில ஊர்களில் நிஜமாகவே திண்ணை. கார்த்திக் முரளிதரன் முதலிய பொருளாதார நிபுணர்கள் தமிழ்நாட்டில் சுமார் 19,000 குழந்தைகளைச் சோதித்துப் பார்த்தார்கள். பள்ளி திறந்த ஆறு மாதத்தில் இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பிவிட்டது என்றும், அந்த மீட்சியில் ஏறக்குறைய கால்பங்கு இந்தச் சாயங்கால வகுப்பால் என்றும் கணக்குச் சொன்னார்கள். 1790-ஐயும் 2021-ஐயும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வருகிறது. இருநூற்றுச் சொச்சம் வருஷம் சுற்றி சட்டாம்பிள்ளையிடமே வந்து நிற்கிறோம்.

பிரம்பு வகைச் சட்டாம்பிள்ளைகளும் சும்மா இல்லை. இந்தியன் அகாடமி ஆஃப் பீடியாட்ரிக்ஸ் கணக்குப்படி இரண்டு வயதுக்குள் திரையே கூடாது, ஐந்து வரை ஒரு மணி நேரம், பத்து வரை இரண்டு மணிக்குள். நல்ல கணக்கு, வீட்டில் எழுதி ஒட்டலாம். நாடாளுமன்றம் 2023-ல் போட்ட தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம், பதினெட்டு வயதுக்குக் கீழே பெற்றோர் சம்மதம் வேண்டும் என்கிறது; குழந்தையைப் பின்தொடர்ந்து விளம்பரம் காட்டக்கூடாது என்றும் சொல்கிறது. ஆஸ்திரேலியா 2025 டிசம்பர் 10 முதல் பதினாறு வயதுக்குட்பட்டவர்களுக்குச் சமூக வலைத்தளக் கணக்கே கிடையாது என்றுவிட்டது. போனுக்குள் பூட்டு போட ஆயிரம் வழி இருக்கிறது. நானே கீழ்வீட்டுக்குப் போட்டுக் கொடுத்தேனே. வேண்டியதுதான் எல்லாம். ஆனால் அந்தப் பெண் நாலு நாள் வாயைத் திறக்காமல் இருந்ததற்குக் காரணம் பூட்டு இல்லாதது அல்ல.

இதை அந்த அம்மாளிடம் எப்படிச் சொல்வது என்று ரெண்டு நாள் யோசித்தேன். 'ஆண்ட்ரூ பெல் என்று ஒரு பாதிரியார்...' என்று ஆரம்பித்தால் கதவைச் சாத்திவிடுவார். கடைசியில், போனைத் திருப்பிக் கொடுங்கள், ஹாலில் வைத்துக் கொடுங்கள், இனி எது வந்தாலும் சொன்னால் பிடுங்க மாட்டேன் என்று வாக்குக் கொடுங்கள், கொடுத்தால் காப்பாற்றுங்கள் என்று மட்டும் சொன்னேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "அப்புறம் யார் சார் கூடவே உக்கார்றது? எனக்கு ஆபீஸ் இருக்கு."

அதுதானே நிஜப் பிரச்சினை? ரெண்டு பேரும் வேலைக்குப் போகிற வீட்டில் போன் என்பதே கூலி வாங்காத ஆயா. இதற்கு என்னிடம் பதில் இல்லை.

பதில் அவர்கள் வீட்டிலேயே இருந்தது. போன வாரம் கரண்ட் பில் விஷயமாகக் கீழே போனேன். ஹாலில் சோபா. நடுவில் பெண், கையில் போன். பக்கத்தில் மாமியார், எழுபதைத் தாண்டியவர். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, திரைக்கு ரெண்டு அங்குலத்தில் மூக்கை வைத்துக்கொண்டிருந்தார்.

"இது என்ன கண்ணு, மாட்டுக் கொட்டாயா?"

"ஐயோ பாட்டி, அது கராஜ்."

"மாடு ஒண்ணு வாங்கிக் கட்டேன். இவ்ளோ புல்லு கெடக்கே."

பெண் பாட்டியை முறைத்தாள். பிறகு கேமுக்குள் தேடிப் பார்த்து, அதில் மாடும் விற்கிறார்கள் என்று கண்டுபிடித்து, இருந்த பொய்க்காசு முழுவதையும் கொடுத்து மூன்று வாங்கினாள். பாட்டி அதில் ஒன்றுக்கு லட்சுமி என்று பேர் வைத்துக்கொண்டிருந்தபோது நான் பில்லைக் கொடுத்துவிட்டு மேலே ஏறி வந்தேன்.